மனச்சோர்வுக்கு ஏரோபிக் உடற்பயிற்சி: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு கூட்டுவது

மனச்சோர்வு என்று மருத்துவர் கண்டறிந்தவர்களுக்கும், அதன் அறிகுறிகள் சில வாரங்களாகத் தம்மிடம் நீடிப்பதாக உணர்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களுக்கும் உரிய வழிகாட்டி இது. பெரிய தசைகளைச் சீராகவும் தொடர்ச்சியாகவும் இயக்கி, இதயத் துடிப்பையும் மூச்சையும் உயர்த்தும் நடை, மெதுவோட்டம், மிதிவண்டி, நீச்சல், நடனம் போன்றவற்றையே ஏரோபிக் உடற்பயிற்சி என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

புதியவர்களை இதில் இறக்கிவிட்டுப் பார்த்ததில், பயிற்சி கடினமாக இருந்ததால் நிறுத்தியவர்களைவிட, வரிசையை மாற்றிச் செய்ததால் நிறுத்தியவர்களே அதிகம். முதல் நாளே வேகத்தைப் பிடிக்கிறார்கள், அடுத்து நேரத்தைக் கூட்டுகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் முடியும் என்பதைக் கடைசியாக யோசிக்கிறார்கள். கீழே உள்ள படிகள் நாள்களில் தொடங்கி, நிமிடங்களுக்குப் போய், வேகத்தில் முடிகின்றன.

1. தொடங்கும் நிலையில் இருக்கிறோமா என்று பார்த்தல்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தாலோ, உணவும் தண்ணீரும் இறங்காத நிலை இருந்தாலோ, பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டாலோ, உடற்பயிற்சித் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும். அந்த நிலையில் இருப்பவரைத் தனியே விடக் கூடாது.

மற்றவர்களும் தொடங்கும் முன் ஒரு முறை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே களைப்பையும் மந்தத்தையும் தரக்கூடியவை. அவை சரிசெய்யப்படாமல் இருக்கும்போது நடை மேலும் களைப்பையே தரும், அதைப் பார்த்து 'நம்மால் முடியவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். மற்றொன்று, எடுத்துக்கொள்ளும் மருந்துகள். மனநிலையைச் சீராக்கத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் அதிகமாக வியர்த்து உடலில் நீர் குறைந்தால், இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். சில பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தத்தைக் குறைத்துத் தலைசுற்றலைத் தரும். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத் துடிப்பு உயர்வதைத் தடுப்பதால், துடிப்பை எண்ணி வேகத்தை முடிவு செய்யும் முறை அவர்களுக்குப் பொருந்தாது.

நெஞ்சுவலி, காரணமின்றி மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை முன்பு வந்திருந்தாலும், இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லியே தொடங்க வேண்டும். இருமுனைக் கோளாறு (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாறிமாறிப் போவது) உள்ளவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் ஆகியோருக்குத் திட்டமே வேறு மாதிரி அமையும் என்பதால், அவர்கள் இந்த வழிகாட்டியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

2. எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்தல்

இது ஏன் ஒரு தனிப் படி என்று கேட்கலாம். மூன்றாம் நாளே மாற்றத்தை எதிர்பார்ப்பவர் ஐந்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்; அதனால்தான்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-இல் வெளியான ஆய்வில், 50 வயதைக் கடந்த 156 மனச்சோர்வு நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஏரோபிக் பயிற்சி, செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, இரண்டும் சேர்ந்தது. 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியிருந்தன. ஆனால் முதல் சில வாரங்களில் வேகமாகத் தேறியவர்கள் மாத்திரை எடுத்தவர்கள்தாம். பயிற்சியின் பலன் தாமதமாக வருகிறது என்பதைப் புதியவர் முதலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்லா ஆய்வுகளும் இவ்வளவு சாதகமாக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நடுத்தர அளவிலான பலனைக் கண்டது. மிகக் கவனமாக நடத்தப்பட்ட சில ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தபோது பலன் சிறுத்துவிட்டது. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட, 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வில் நடையும் மெதுவோட்டமும் குறிப்பிடத்தக்க பலன் தந்தவற்றுள் இருந்தன. ஆனால் அங்கும் பல ஆய்வுகளின் தரம் குறைவு என்றே அதன் ஆசிரியர்கள் எச்சரித்தனர். ஆகவே பலருக்கு உதவும், எல்லாருக்கும் உதவாது, ஒருவருக்கு உதவுமா என்பதை அவர் பல வாரங்கள் செய்து பார்த்துத்தான் அறிய முடியும் என்பதே நேர்மையான நிலை. மாத்திரையோ மனநல ஆலோசனையோ நடந்துகொண்டிருந்தால் அது அப்படியே தொடர வேண்டும். பயிற்சி அதனுடன் சேர்வது.

'ஓடினால் எண்டார்பின் (உடலே சுரக்கும் வலிநீக்கிப் பொருள்) சுரக்கும், கவலை போய்விடும்' என்ற விளக்கத்தைப் பலரும் சொல்லக் கேட்கலாம். இரத்தத்தில் சுரக்கும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால் அந்த விளக்கம் அவ்வளவு எளிதில் நிற்காது. தூக்கம் சீராவது, உடலில் உள்ள அழற்சி குறைவது, நரம்புச் செல்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதங்கள் கூடுவது, ஒரு செயலை முடித்தோம் என்ற உணர்வு மீள்வது என்று பல வழிகள் பேசப்படுகின்றன. எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. பயிற்சி செய்பவருக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, தூக்கத்தையும் செய்து முடித்த உணர்வையும் கெடுக்காத வகையில் திட்டத்தை அமைப்பது மட்டுமே.

3. இன்றைய நிலையை எழுதிவைத்தல்

மனச்சோர்வு நினைவையும் சாயம் பூசிவிடும். ஆறாம் வாரத்தில் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், முதல் வாரத்தைவிட நன்றாகத் தூங்குபவர்கூட 'எதுவும் மாறவில்லை' என்பார். அதனால் தொடங்கும் முன்பே எண்களில் ஒரு பதிவு வேண்டும்.

மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாள் இதற்குப் போதும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நடுத்தர நிலை அல்லது அதைவிடத் தீவிரம் என்று கொள்வார்கள். இது நோயைக் கண்டறிந்து சொல்லும் கருவி ஆகாது. ஒரே அளவுகோலால் திரும்பத் திரும்ப அளக்க உதவுவது. ஒன்பதாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, இதைத் தினமும் நிரப்புவது. கேள்விகளே இரண்டு வாரத்தைப் பற்றியவை என்பதால் தினசரி எண்ணுக்குப் பொருளில்லை. அது ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் மேலும் அலைபாயும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் நிரப்பினால் போதும்.

4. மோசமான நாளின் அளவை முடிவு செய்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

பொதுவாக நாம் விருப்பம் வந்த பிறகு செயலில் இறங்குகிறோம். மனச்சோர்வில் அந்த விருப்பம்தான் முதலில் போய்விடுகிறது. 'மனம் வந்ததும் தொடங்குகிறேன்' என்று காத்திருப்பவருக்கு மனம் வருவதே இல்லை; செயல் முன்னே போனால்தான் விருப்பம் பின்னால் சிறிது சிறிதாக வருகிறது. ஆகவே விருப்பமே இல்லாத நாளிலும் செய்ய முடிகிற ஓர் அளவு வேண்டும்.

கடந்த ஒரு மாதத்தில் மிக மோசமாக இருந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று உங்களால் எவ்வளவு நேரம் நடந்திருக்க முடியும்? பத்து நிமிடம் என்று மனம் சொன்னால் ஐந்து என்று எழுதுங்கள். சிலருக்கு அது செருப்பை மாட்டி வாசலைத் தாண்டித் திரும்புவதாகக்கூட இருக்கும்; அதுவும் சரியான அளவுதான். இதுவே உங்கள் அடிப்படை அளவு. நன்றாக இருக்கும் நாளில் கூடுதலாக நடக்கலாம், ஆனால் கணக்கில் ஏறுவது அடிப்படை அளவு முடிந்ததா இல்லையா என்பது மட்டுமே.

'ஐந்து நிமிடத்தால் என்ன ஆகப்போகிறது?' என்று உடன் இருப்பவர்கள் கேட்பார்கள். உடலுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது என்பது உண்மை. இந்த ஐந்து நிமிடம் உடலுக்கானதன்று. தவறாமல் வெளியே வரும் பழக்கத்துக்கானது.

5. வகையையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

வகையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முழங்கால் வலி இல்லாதவருக்கு நடை. இருப்பவருக்கு மிதிவண்டி, நிலை மிதிவண்டி அல்லது நீச்சல். முன்பு விரும்பிச் செய்தது ஏதாவது இருந்தால் அதற்கே முதலிடம். உறுப்பினர் கட்டணம் கட்டி, புதிய உடை வாங்கி, கைக்கடிகாரம் வாங்கித் தொடங்கும் ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பதில்லை. பணம் போட்டது விடுபடும் நாளில் குற்ற உணர்வாகத் திரும்பி வரும். காலுக்குப் பொருந்திய காலணி மட்டும் கட்டாயம்.

நேரத்தை 'காலையில்' என்று எழுதாமல், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு செயலுடன் முடிச்சுப் போடுங்கள். பல் துலக்கியதும், வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முன், குழந்தையைப் பள்ளியில் விட்டதும் என்று எழுதினால், அன்றன்று முடிவெடுக்க வேண்டிய சுமை போய்விடும். மனச்சோர்வில் சிறு முடிவும் பெரும் வேலை. அதிகாலை எழுவது சிரமமாக இருக்கும் காலத்தில், அதிகாலை நடைதான் நல்லது என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். வெளிச்சம் உள்ள நேரத்தில் வெளியே செல்ல முடிந்தால் தூக்க நேரம் சீராக அது உதவும். இரவில் படுக்கப் போகும் முன் கடுமையாக ஓடுவதை மட்டும் தவிர்க்கலாம்.

முதல் நாள் இரவே செய்துவைக்க வேண்டியவை உண்டு. காலணி கட்டில் அருகில், காலுறை அதற்குள்ளேயே, நடக்கும் உடை நாற்காலியில், சாவி அந்த உடையின் பையில். இரவு உடையோடு நடக்கலாம் என்றாலும் தவறில்லை. காலையில் காலுறையின் இன்னொரு சோடியைத் தேடி அலமாரியைத் திறந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவதுண்டு.

துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது, ஒரு நிபந்தனையோடு: அவர் வராத நாளிலும் நீங்கள் போக வேண்டும். துணைவருக்கும் ஒரு வார்த்தை. வாசலில் வந்து நின்று 'ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வரலாமா?' என்று கேளுங்கள். 'நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் 361 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு உடலியக்கத்துக்கு ஊக்கமும் ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்தபோது, அவர்களின் நடமாட்டம் கூடியது, மனச்சோர்வு கூடுதலாகக் குறையவில்லை. சொல்வதால் மட்டும் ஆவது குறைவு.

6. முதல் இரண்டு வாரம்: நாள்களை மட்டும் எண்ணுதல்

வாரத்தில் நான்கு அல்லது ஐந்து நாள்கள், அடிப்படை அளவு. அவ்வளவுதான். வேகம் உங்கள் இயல்பான நடை வேகம்.

வாரத்துக்கு மூன்று நாளா ஐந்து நாளா என்பது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது; வாரத்தின் மொத்த அளவே அங்கு வேறுபாட்டைத் தந்தது. அப்படியிருக்க ஏன் நாள்களில் தொடங்கச் சொல்கிறேன் என்றால், அந்த ஆய்வில் பங்கேற்றவர்களை மேற்பார்வையிட ஆள்கள் இருந்தனர். வீட்டிலிருந்து தனியே தொடங்குபவருக்கு அந்த மேற்பார்வையின் இடத்தைப் பழக்கம்தான் நிரப்ப வேண்டும். அடிக்கடி செய்வது பழக்கமாக நிலைக்கும், எப்போதாவது நீண்ட நேரம் செய்வது நிலைக்காது.

ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, புறப்படும் முன் மனநிலை, திரும்பிய பின் மனநிலை, நிமிடங்கள். மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். புறப்படும் முன் 2, திரும்பிய பின் 3 என்று எழுதியவர் அந்த ஒன்றை அற்பமாக நினைப்பார். ஆனால் 2–3, 3–4, 2–2, 2–4 என்று வரிசையாகக் கீழிறங்கும் அந்தப் பட்டியல், நான்காம் நாள் 'போய் என்ன பயன்?' என்று மனம் கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் இருக்கும். புறப்படும் முன் மனம் சொல்லும் கணிப்பு பெரும்பாலும் உண்மையைவிட மோசமாகவே இருக்கிறது.

இந்த வாரங்களில் காணும் பெரிய தவறு, முதல் நாளில் உற்சாகமாக நாற்பது நிமிடம் நடப்பது. மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதற்கடுத்த நாள் தயக்கம், பிறகு தாள் வெறுமையாகக் கிடக்கும்.

7. மூன்றாம் வாரம் முதல்: நிமிடங்களைக் கூட்டுதல்

இரண்டு வாரமும் வாரத்துக்கு நான்கு நாளாவது முடிந்திருந்தால் மட்டும் அடுத்த படி. முடியாமல் போயிருந்தால் அடிப்படை அளவை இன்னும் குறைத்து அதே படியில் தொடருங்கள். அளவைக் குறைப்பது தோல்வியாகாது, அளவு தவறாக எடுக்கப்பட்டிருந்தது என்பதே அதன் பொருள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு நடைக்கு இரண்டு முதல் ஐந்து நிமிடங்கள் வரை கூட்டலாம். இலக்கு, ஒரு முறைக்கு ஏறக்குறைய முப்பது நிமிடங்கள். உலக சுகாதார அமைப்பு 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான ஏரோபிக் இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் தீவிர இயக்கம். இதை முதல் மாத இலக்காக யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன 2005 ஆய்வில் 12 வாரங்களில், அக்காலத்தில் பொதுவாகப் பரிந்துரைக்கப்பட்டிருந்த அளவைச் செய்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் சராசரியாக 47% குறைந்தது. மிகக் குறைந்த அளவு செய்தவர்களுக்கு 30%, தசைநீட்டல் மட்டும் செய்தவர்களுக்கு 29%. குறைந்த அளவிலேயே நிரந்தரமாக நின்றுவிடக் கூடாது என்பதற்கு இந்த எண்களே காரணம். அடிப்படை அளவு தொடங்குவதற்கும் மோசமான நாள்களுக்கும் உரியது. பலன் நிமிடங்கள் சேர்ந்த பிறகு வருவது.

முப்பது நிமிடம் ஒரே மூச்சில் முடியாவிட்டால் பதினைந்தாக இரண்டு முறை நடக்கலாம்.

8. அதன் பிறகே வேகம்

முப்பது நிமிடம் பழகிய பின் வேகத்தைத் தொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, நடுவில் வேகமாக, கடைசி ஐந்து நிமிடம் மீண்டும் மெதுவாக. கடைசி ஐந்து நிமிடத்தைத் தவிர்த்துச் சட்டென்று நிற்பவர்களுக்குத் தலைசுற்றல் வரும்; கால்களில் தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். மருந்தால் இரத்த அழுத்தம் குறைபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே ஏழெட்டுச் சொற்கள் உள்ள வாக்கியத்தை உரக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடிந்து, ஆனால் பாட முடியாமல் இருந்தால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் தீவிரம். பாட்டே பாட முடிந்தால் இன்னும் சற்று வேகமாக நடக்கலாம். துடிப்பை எண்ண விரும்புபவர்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 64 முதல் 76 சதவீதத்தை மிதமான அளவாகக் கொள்ளலாம். நாற்பது வயதினருக்கு அது நிமிடத்துக்கு 115 முதல் 137. இது தோராயமான கணக்கு. பேச்சுச் சோதனையோடு முரண்பட்டால் பேச்சுச் சோதனையையே நம்புங்கள்.

பதற்றமும் சேர்ந்து இருப்பவர்கள் இங்கே ஒன்றை எதிர்கொள்வார்கள். வேகம் கூடும்போது நெஞ்சு படபடப்பதும் வியர்ப்பதும் அவர்களுக்குப் பீதி வருவதுபோல் தோன்றும். அப்போது நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்து, படபடப்பு அடங்குவதைக் கவனித்தபடி நடந்தால், சில வாரங்களில் அந்த அச்சம் தளரும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருளுதல் ஆகியவை வேறு. அவற்றுக்கு உடனே நின்று மருத்துவ உதவி பெற வேண்டும்.

9. கணக்குப் பார்த்து முடிவெடுத்தல்

நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் பி.எச்.க்யூ-9 எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 5 புள்ளிகள் குறைந்திருந்தால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம். பாதியாகக் குறைந்திருந்தால் நல்ல பலன். மனநிலைக்கு முன்பே தூக்கமும் பசியும் மாறலாம் என்பதால், அந்தக் கேள்விகளுக்கான எண்களைத் தனியே கவனியுங்கள்.

எண் ஏறிக்கொண்டே போனால் எட்டாம் வாரம் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் எதுவும் அசையவில்லை என்றால், நிமிடங்களை இரட்டிப்பாக்கித் தன்னைத் தண்டித்துக்கொள்ளாமல், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம், என்ன மாறவில்லை என்று தேதியோடு இருப்பதால், அடுத்த சிகிச்சையை முடிவு செய்ய அவருக்கு அது உதவும்.

எண் குறைந்ததைக் கண்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் இந்தக் கட்டத்தில் நான் காணும் மிக ஆபத்தான தவறு. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவரோடு சேர்ந்து, படிப்படியாக.

10. விடுபட்ட நாள்களுக்கான விதி

விடுபடும். காய்ச்சல், பயணம், மழை, எழவே முடியாத வாரம், எல்லாம் வரும். அதற்கான விதியைத் தாளின் மேலேயே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். விடுபட்ட பிறகு யோசித்தால் மனம் கண்டிப்பாகத் தனக்கு எதிராகவே தீர்ப்பு எழுதும்.

ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் வழக்கம்போல. ஈடுகட்ட இரட்டிப்பாக நடக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் விடுபட்டால் அடிப்படை அளவுக்குத் திரும்பி, அங்கிருந்து வாரத்துக்கு ஐந்து நிமிடமாக ஏற வேண்டும்; விட்ட இடத்தில் தொடர முயல்பவர்களே மறுபடியும் நின்றுவிடுகிறார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் விடுபட்டால் மூன்றாம் படிக்குப் போய் வினாத்தாளை நிரப்புங்கள், ஏனெனில் அந்த இடைவெளி நோய் மீண்டும் தலைதூக்கியதன் அடையாளமாக இருக்கலாம். எண் பத்தைத் தாண்டியிருந்தால் காலணியை மாட்டும் முன் மருத்துவரை அழைத்து நேரம் வாங்குங்கள்.